100 மணித்தியாலம் தாண்டினாப் பிறகு: உங்கட பதிவேட்டில எந்த எண் உங்களுக்குப் பெரிசு?

மாங்குளத்தான் | இடம்: மாங்குளம் | பதிவேடு: 100.7
ஞாயிறு, இரவு 9.40

எல்லாருக்கும் வணக்கம்.

போன வெள்ளிக்கிழமை இரத்மலானையிலயிருந்து பலாலிக்குப் பறந்தனான். வெளிக்கிடேக்க, பறந்த நேரத்தை எழுதிற பதிவேட்டில 98.6 மணித்தியாலம். இறங்கி, விமானத்தைக் கட்டிப்போட்டு, சிறகு நிழலில இருந்து எழுதிக் கூட்டிப் பார்க்க 100.7.

லைசன்ஸ் எடுத்தது 2017இல, கனடாவில. அங்க சட்டப்படி குறைஞ்சது 45 மணித்தியாலம் வேணும். எனக்கு 61 எடுத்தது. மாரி முழுக்கப் பனியும் தாழ்ந்த முகிலும். ஒரு கிழமை பறந்தா மூண்டு கிழமை வீட்டில இருந்து யன்னலைப் பார்க்கிறது. 2021இல ஊருக்குத் திரும்பி வந்து, லைசன்சை இங்கத்தையான் ஆக்கி, மிச்சத்தைத் துளித்துளியாச் சேர்த்தனான். மாங்குளத்தில இரவு பஸ் ஏறினா விடியக் கொழும்பு. போக எட்டு, வர எட்டு. பதினாறு மணித்தியாலம் ரோட்டில, ஒண்டரை மணித்தியாலம் வானத்தில. எங்கட வீட்டிலயிருந்து இரணைமடு ஓடுபாதை கிட்டத்தான். ஆனா அது விமானப்படைத் தளம், வவுனியாவும் அப்பிடித்தான். எங்களை மாதிரி ஆக்கள் நினைச்ச நேரம் ஏறி இறங்க வன்னிக்குள்ள இடமில்லை.

100 எந்த இடத்தில வரும் எண்டு முதலே கணக்குப் பார்த்து வைச்சிருந்தன். விமானத்தில ஓடுற மீற்றர் அந்த விமானத்தின்ர கணக்கு, அதில என்ர 100 வராது. அதால முழங்கால் பலகையில "10.52 = 100" எண்டு பென்சிலால எழுதி வைச்சனான். 9.28க்கு நகரத் தொடங்கினது. நீர்கொழும்பு, சிலாபம், புத்தளம் களப்பு, வில்பத்துக் காடு. வடக்கால போறதால 3500 அடி. கைமணிக்கூட்டைப் பார்க்க 10.52. தலையை நிமித்தினா மூக்குக்கு நேர கீழ கட்டுக்கரைக் குளம்.

காலபோக அறுவடை முடிஞ்ச நேரம் தானே. சுத்திவர வைக்கோல் நிறம், நடுவில தண்ணி மட்டும் தகதக எண்டு. அங்கால பூநகரிப் பக்கம் கடல் வெளிறிக் கிடந்தது. வலப்பக்கம் தூரத்தில புகார் மூட்டம். அதுக்குள்ளதான் எங்கட ஏ9, எங்கட வீடு. ரெண்டு நிமிசம் ஒண்டும் செய்யாமல் பார்த்துக்கொண்டிருந்தன்.

இப்ப கேள்வி. 10, 50, 100, 500, 1000. உங்களுக்கு எந்த எண் உண்மையில பெரிசாப் பட்டது? ஏன்?

---

சோளகம் | இடம்: கிளிநொச்சி | பதிவேடு: 186.4
ஞாயிறு, இரவு 10.15

வாழ்த்துக்கள் அண்ணை! மூண்டு இலக்கம் எண்டுறது லேசான காரியம் இல்லை.

என்ர பதில் நேரானது. எனக்கு 200. ஏனெண்டா எனக்குத் தொழில் லைசன்ஸ் வேணும். சர்வதேச விதிப்படி அதுக்குக் குறைஞ்சது 200. தொடர் பயிற்சியாப் படிச்சா 150. அந்த 200க்குள்ள 100 மணித்தியாலம் நானே தலைமை விமானியா இருந்திருக்கோணும், 540 கிலோமீற்றருக்குக் குறையாத ஒரு நெடும் பறப்பும் வேணும். பிறகு பெரிய விமானத்தில கப்டன் ஆகிறதுக்கு 1500. ஆறு நிமிசம் எண்டா 0.1. அந்த 0.1ஐயும் விடமாட்டன்.

எண் முக்கியமில்லை, அனுபவம்தான் முக்கியம் எண்டு கொஞ்ச நேரத்தில ஆரும் வந்து சொல்லுவினம். சொல்லட்டும். எனக்கு இன்னும் 13.6 இருக்கு. ஒவ்வொரு தரமும் முறிகண்டியில பஸ் நிக்கேக்க பிள்ளையாருக்குக் கற்பூரம் கொளுத்தி, கச்சான் ஒரு சரை வாங்கிக்கொண்டுதான் இரத்மலானைக்குப் போறனான்.

---

கட்டுக்கரை | இடம்: அடம்பன் | பதிவேடு: 31.2
திங்கள், காலை 6.05

மாங்குளத்தான் அண்ணை, எங்கட குளத்துக்கு மேல 100 ஆனீங்களோ! வாசிச்ச உடன அப்பாவுக்கும் காட்டினன்.

எனக்கு எண் 0.3. முதல் தனிப்பறப்பு. பதினெட்டு நிமிசம். அதில உருண்டு போன நேரமும் சேர்த்தி.

அண்டைக்கு மூண்டு தரம் சேர்ந்து சுத்தினாப் பிறகு, படிப்பிக்கிற சேர் ஓடுபாதைக்குப் பக்கத்தில நிப்பாட்டச் சொன்னார். நான் ஏதோ பிழை விட்டுட்டன் எண்டு நினைச்சன். அவர் பெல்ற்றைக் கழட்டி, அந்தப் பெல்ற்றைத் திரும்ப வெறும் சீற்றுக்கு மேலால கொழுவி இறுக்கினார். அது ஸ்ரியறிங்கில சிக்கக் கூடாது எண்டதுக்காக. அப்பத்தான் விளங்கிச்சுது. "ஒரு சுத்து. வந்து இறங்கும்" எண்டு சொல்லிக் கதவைச் சாத்திப்போட்டார்.

ஒராள் பாரம் குறைய செஸ்னா 152 எவ்வளவு கெதியா மேல எழும்புது! பக்கத்துச் சீற்றைத் திரும்பிப் பார்த்தன், பெல்ற் மட்டும் இறுக்கிக் கட்டினபடி. அதை நான் சாகும்வரைக்கும் மறக்கமாட்டன்.

எங்கட வீட்டில மணித்தியாலத்தைக் காசால எண்ணுறேல்ல, நெல்லு மூடையால எண்ணுறது. அப்பா ஒவ்வொரு போகமும் வித்துப்போட்டு, "பிள்ளை, இந்தமுறை இத்தினை மணித்தியாலம்" எண்டு சொல்லுவார். 2022இல எரிபொருள் இல்லாமல் போனாப் பிறகு ஏழு மாசம் நான் விமானத்தைத் தொடவே இல்லை. அப்பா உழவு மெசினுக்கு டீசல் வரிசையில ரெண்டு நாள் நிண்டவர். அந்த நேரம் பறப்பைப் பற்றிக் கதைக்கவே வாய் வரேல்ல. திரும்பப் போக 14.0இல இருந்த நான் 9 மணித்தியாலக்காரி மாதிரித்தான் பறந்தன். கை மறந்துபோச்சு. அதால எனக்கு மொத்தக் கணக்கில பெரிய நம்பிக்கை இல்லை.

---

பண்டாரிக்குளம் | இடம்: வவுனியா | பதிவேடு: 1,142.6
திங்கள், மாலை 4.30

மாங்குளத்தான் தம்பிக்கு என் மனமார்ந்த வாழ்த்து. கட்டுக்கரைப் பிள்ளை கடைசியாகச் சொன்னதுதான் விஷயம்.

நான் அவுஸ்திரேலியாவில் மெக்கானிக்காக வேலை செய்தபடி 1991இல் தனியார் லைசன்ஸ் எடுத்தவன். தொழிலுக்காக ஒருநாளும் பறக்கவில்லை. 27 வருடத்தில் 1,142.6. சராசரி பார்த்தால் வருடத்துக்கு 42. 2018இல் ஊருக்கு வந்துவிட்டேன். இருதயத்தில் ஒரு அடைப்புக்கு வைத்தியம் செய்த பிறகு மருத்துவச் சான்றிதழ் கிடைக்கவில்லை. அந்த எண் இனி மாறாது.

எனக்குப் பெரிய எண் 112. ஏன் என்று விளக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் மாங்குளத்தான் இப்போது அந்த எண்ணுக்குக் கிட்ட நிற்கிறீர்.

100 தாண்டிய அடுத்த மாதம், பதிவேட்டில் 112. குயின்ஸ்லாந்து கரையோரம், இனிஸ்பெயில் பக்கம், கீழே கரும்புத் தோட்டம். செஸ்னா 152, நான் தனியே. மழை பெய்து விட்ட காலை, வெப்பநிலை 24 பாகை, காற்றில் ஈரம் கையால் பிழியலாம் போல. 3000 அடியிலிருந்து இறங்க எரிபொருளைக் குறைத்தேன். குறைக்கும்போது காபரேற்றரை (பெற்றோலையும் காற்றையும் கலக்கும் பாகம்) சூடாக்கும் குமிழை இழுக்க வேண்டும் என்று முதல் பத்து மணித்தியாலத்திலேயே படித்தவன் நான். அன்றைக்கு இழுக்கவில்லை. 24 பாகையில் என்ன ஐஸ் என்ற எண்ணம். நூறு மணித்தியாலம் பறந்துவிட்டேன் என்ற எண்ணமும் அதற்குள் இருந்தது.

ஐஸ் பிடிப்பது வெளிக் குளிரால் அல்ல. காபரேற்றரின் ஒடுங்கிய கழுத்துக்குள் காற்று விரியும்போதும் பெற்றோல் ஆவியாகும்போதும் உள்ளே வெப்பம் 20 பாகைக்கு மேல் விழும். காற்றில் ஈரம் இருந்தால் அந்த ஈரம் வால்வைச் சுற்றி ஐஸாகப் படியும். இலங்கைக் காலநிலை அதற்கு மிகவும் தோதான காலநிலை. அதை எழுதி ஒட்டி வையுங்கள்.

நிமிடத்துக்கு 1,900 சுற்றில் இருந்த எஞ்சின் முள் மெல்ல மெல்ல 1,600க்கு வந்தது. பிறகு முழு விமானமும் நடுங்கத் தொடங்கியது. ஓட்டைச் சைக்கிள் கல்லுரோட்டில் போவது போல. குமிழை இழுத்தேன். இழுத்தவுடன் சரியாகும் என்று நினைத்தால், எஞ்சின் இன்னும் மோசமாக இருமியது. முள் 1,400. என் கை தானாகவே அந்தக் குமிழைத் திரும்ப உள்ளே தள்ளப் போனது. தள்ளியிருந்தால் கரும்புக்குள்தான்.

அப்போதுதான் எனக்குப் படிப்பித்த கிழவரின் சொல் ஞாபகம் வந்தது. ஐஸ் உருகினால் அந்தத் தண்ணீரை எஞ்சின் குடித்துத்தான் ஆகவேண்டும், குடிக்கும்வரை இருமும், கையை எடுக்காதே என்று சொல்வார். கையை எடுக்காமல் எண்ணினேன். பதின்மூன்று எண்ணும்போது ஒரு பெரிய இருமல். பதினைந்தில் முள் ஏறத் தொடங்கியது. இறங்கிய பிறகு கால்கள் பெடலிலிருந்து எடுபடவில்லை.

சோளகம் தம்பி, எண் முக்கியமில்லை என்று நான் சொல்ல மாட்டேன். சட்டம் எண்ணைக் கேட்கிறது, கேட்கத்தான் வேண்டும். ஆனால் அதே சட்டம் இன்னொரு எண்ணையும் கேட்கிறது. பயணி ஏற்றுவதென்றால் கடந்த 90 நாளில் மூன்று தரம் ஏறி இறங்கியிருக்க வேண்டும். ஆயிரம் மணித்தியாலக்காரனுக்கும் அதுதான் சட்டம். பதிவேட்டில் நான் முதலில் பார்ப்பது கடைசிப் பக்கத்தின் திகதிகளை.

---

சோளகம் | இடம்: கிளிநொச்சி | பதிவேடு: 186.4
திங்கள், இரவு 8.50

ஐயா, ரெண்டு தரம் வாசிச்சன். நன்றி. குமிழை இழுத்தா முதல்ல இன்னும் மோசமாகும் எண்டது புத்தகத்தில படிச்சதுதான், ஆனா அந்தப் பதினைஞ்சு செக்கன் எப்பிடி இருக்கும் எண்டு இப்பத்தான் விளங்குது.

எண்ணைப் பற்றி நானும் ஒண்டு சொல்லோணும். இதை இதுவரை ஒரு இடத்திலயும் எழுதேல்ல.

நான் முந்திப் படிச்ச ஒரு இடத்தில (பேர் வேண்டாம்) எஞ்சின் நிப்பாட்டி, மழை விடும்வரைக்கும் தரிப்பிடத்தில இருந்த நேரத்தையும் பதிவேட்டில எழுதச் சொல்லுவினம். "எழுதும், எல்லாரும் எழுதிறதுதான்" எண்டு. பறப்பு நேரம் எண்டா என்ன எண்டு சர்வதேச விதியில தெளிவா இருக்கு: பறக்கிறதுக்காக விமானம் முதன்முதல் நகரத் தொடங்கின நேரத்திலயிருந்து, பறப்பு முடிஞ்சு நிண்டு ஓயிற வரைக்கும். நகராத விமானத்தில இருந்தா அது கதிரையில இருந்த நேரம். காசு கட்டினனாங்கள் தானே எண்டு நானும் எழுதினன். அப்ப எனக்கு 21 வயசு.

போன வருசம் ஒரு இரவு முழுக்க இருந்து பழைய பற்றுச்சீட்டுகளோட ஒப்பிட்டுப் பார்த்து, 4.7 மணித்தியாலத்தைச் சிவப்புப் பேனையால வெட்டிக் கையெழுத்து வைச்சனான். 186.4 எண்டுறது வெட்டினாப் பிறகு உள்ள கணக்கு. வெட்டாட்டி 191.1. அந்த 4.7ஐத் திரும்பப் பறக்கிற காசுக்கு ஒரு பழைய மோட்டார்சைக்கிள் வாங்கலாம்.

பேனையால பறந்தவன் ஒருநாள் 200க்கு வந்து நிப்பான். பின்னால பயணிகள் இருப்பினம்.

---

முள்ளியவளை | இடம்: ரொறன்ரோ | பதிவேடு: 73.0
செவ்வாய், காலை 7.20

சோளகம் தம்பி, நீங்கள் வெட்டின அந்த 4.7தான் இந்த இழையிலயே எனக்குப் பெரிய எண்.

இங்க வெளியில மைனஸ் 14. ரெண்டு மாசமா தரையில. பயணி ஏத்த இங்க ஆறு மாசத்துக்குள்ள ஐஞ்சு தரம் ஏறி இறங்கோணும், அந்தக் கணக்கும் எனக்கு முடியப்போகுது. மாங்குளத்தான் எழுதின கட்டுக்கரைத் தண்ணியை வாசிச்சுப்போட்டு வற்றாப்பளை அம்மன் நினைவோட இருக்கிறன். வைகாசிப் பொங்கலுக்கு வரேக்க ஆரையாவது சந்திக்கக் கிடைச்சா நல்லது.

---

அக்கராயன் | இடம்: அக்கராயன்குளம் | பதிவேடு: இல்லை
செவ்வாய், இரவு 9.10

உங்கட ஆக்களுக்குள்ள நான் கதைக்கலாமோ தெரியாது. எனக்கு லைசன்ஸ் இல்லை. வயலுக்கு மருந்தடிக்கிற ட்ரோன் ஓட்டுறனான். பதிவும் அனுமதியும் முறைப்படி எடுத்துத்தான். பத்து லீற்றர் தாங்கி. நிறையப் பாரத்தோட ஒரு பற்றறி பத்து நிமிசம் தாங்காது. ஆனா நானும் ஒரு கொப்பியில எழுதிறனான். திகதி, வயல், காத்து எந்தப் பக்கம், எத்தினை நிமிசம். இந்தப் போகத்தோட 300 மணித்தியாலம் தாண்டிச்சுது. இது உங்கட கணக்கில சேராது எண்டு தெரியும்.

எனக்குப் பெரிய எண் எது எண்டா, 11. ஏனெண்டு சொல்லுறன்.

தொடங்கின புதிசில புதுக்குடியிருப்புப் பக்கம் ஒரு வயலுக்குப் போனன். ட்ரோனை எழுப்பி ரெண்டு நிமிசம் இல்லை, பக்கத்து வளவுக்குள்ளயிருந்து ஒரு ஐயா ஓடிவந்தார். சறம் அவிழ அவிழ. "வண்டு! வண்டு!" எண்டு கத்திக்கொண்டு, பேரப்பிள்ளையைத் தூக்கித் தோளில போட்டபடி. சண்டைக் காலத்தில ஆளில்லா வேவு விமானத்தை எங்கட சனம் வண்டு எண்டுதான் சொல்லுறது, அந்த இரைச்சலுக்காக. வண்டு சுத்தினா பிறகு என்ன வரும் எண்டு எல்லாருக்கும் தெரியும். உடன இறக்கிப்போட்டு ஓடிப்போய்க் கையைப் பிடிச்சன். அவருக்கு நடுக்கம் நிக்க நெடுநேரம் எடுத்தது. பிறகு என்னிட்டச் சொன்னது ஒண்டுதான்: "தம்பி, எழுப்ப முன்னம் ஒருக்காச் சொல்லிப்போட்டு எழுப்பு."

அண்டையிலயிருந்து எந்த வயலுக்குப் போனாலும் முதல் சுத்திவர உள்ள வீடுகளுக்குப் போய்ச் சொல்லிப்போட்டுத்தான் எழுப்புறனான். அண்டைக்கு அந்த வயலைச் சுத்தி 11 வீடு. இப்பவும் கொப்பியில ஒவ்வொரு நாளும் முதல் எழுதிறது வீட்டுத் தொகைதான்.

---

மாங்குளத்தான் | இடம்: மாங்குளம் | பதிவேடு: 100.7
புதன், இரவு 1.15

அக்கராயன் தம்பி, கட்டாயம் நீங்கள் கதைக்கோணும். உங்கட 11ஐ வாசிச்சாப் பிறகு நித்திரை வரேல்ல.

முதல் பதிவில நான் ஒரு விசயத்தை எழுதாமல் விட்டனான். இப்ப எழுதிறன்.

1999இல எனக்கு 9 வயசு. மல்லாவிப் பக்கம் இருந்தனாங்கள். வீட்டுக்குப் பின்னால எல் வடிவப் பங்கர், மேல பனங்குத்தியும் மண்ணும். குண்டு போடுற கிபிர் ஜெட் சத்தம் கேட்டா அம்மா எங்கள் மூண்டு பேரையும் இறக்கிப்போட்டு, தான் வாசலில நிண்டு மேல பார்ப்பா. சுத்துதோ, குண்டு போடப் பதியுதோ எண்டு. "பதியிறான்" எண்டு கத்திக்கொண்டு எங்களுக்கு மேல விழுவா. அவவின்ர சீலையில அடுப்புப் புகை மணம். இப்ப 67 வயசு. இண்டைக்கும் மேல ஒரு சத்தம் கேட்டா அடுப்பை அப்பிடியே விட்டிட்டு முத்தத்துக்கு வந்து நிண்டு, அது போய் முடியும்வரைக்கும் பார்த்துப்போட்டுத்தான் உள்ள போவா.

வெள்ளிக்கிழமை பலாலியில இறங்கின உடன அம்மாவுக்குத்தான் முதல் போன் எடுத்தனான். 100 ஆச்சு எண்டு சொன்னன். சந்தோசப்பட்டா. பிறகு கொஞ்சநேரம் சத்தமில்லை. பிறகு கேட்டா: "தம்பி, மேலயிருந்து பார்க்க, கீழ நிக்கிற ஆக்கள் தெரியுமோ?"

"அவ்வளவு உயரத்தில தெரியாதம்மா" எண்டு சொல்லி வைச்சிட்டன்.

3500 அடிக்கு அது உண்மைதான். உழவு மெசின் தூசி தெரியும், மாட்டுப்பட்டி புள்ளிபுள்ளியாத் தெரியும், ஆள் தெரியாது. ஆனா அந்தப் போன் எடுக்கப் பத்து நிமிசத்துக்கு முதல்தான், இறங்க வரேக்க, 500 அடியில, ஒரு செம்மண் தோட்டத்தில ஒரு பொம்பிளையைக் கண்டனான். மஞ்சள் சட்டை. இடுப்பில கடகம். வெயிலுக்குக் கையை நெத்தியில வைச்சு என்னை நிமிந்து பார்த்தவ.

அதை அம்மாவுக்குச் சொல்லாமல் விட்டனான். சொல்லுறதோ விடுறதோ எண்டு இன்னும் தெரியேல்ல.

---

நெறியாளர்
புதன், காலை 8.00

சிலர் தனிமடலில் வான்படங்கள் அனுப்பிப் போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். குளம், வயல், கடற்கரை போடலாம். படைத் தளங்களோ முகாம்களோ விழும் எந்தப் படத்தையும் இங்கு போட வேண்டாம். இழை தொடரட்டும்.

---

பண்டாரிக்குளம் | இடம்: வவுனியா | பதிவேடு: 1,142.6
புதன், மாலை 5.45

தம்பி மாங்குளத்தான், அம்மா கேட்டது உம்மிடம். ஜெட்டில் வந்தவனுக்கு என்ன தெரிந்தது என்பதை உம்மாலும் சொல்ல முடியாது, என்னாலும் சொல்ல முடியாது. உமக்குத் தெரிந்ததைச் சொல்லும். 25 வருடம் அந்தக் கேள்வியோடு இருந்தவ, பதிலைத் தாங்குவா. தொலைபேசியில் சொல்ல வேண்டாம், நேரில் இருந்து சொல்லும்.

என் மனைவி என்னோடு ஒருநாளும் ஏறவில்லை. 27 வருடம். வற்புறுத்தவுமில்லை. ஆனால் ஒவ்வொரு தரமும் நான் வந்து சாப்பிட இருந்தவுடன், இன்றைக்கு என்ன பார்த்தீர்கள் என்று கேட்பா. நானும் ஒன்றுவிடாமல் சொல்லுவேன். பதிவேட்டில் குறிப்புகள் என்ற கடைசிக் கட்டத்தைப் பலபேர் வெறுமையாக விடுகிறீர்கள். நான் அதில் எழுதியதெல்லாம் அவவுக்குச் சொல்வதற்காக எழுதியது. இப்போது பறப்பதில்லை, ஆனால் மழைநாளில் அவ ஒரு பக்கத்தை எடுத்து வாசிக்கச் சொல்லுவா.

---

கட்டுக்கரை | இடம்: அடம்பன் | பதிவேடு: 33.1
வியாழன், இரவு 7.30

ஐயா சொன்னபிறகு என்ர குறிப்புக் கட்டங்களைப் பார்த்தன். "சுத்து, இறக்கம் 6", "சுத்து, இறக்கம் 8", அவ்வளவுதான். இண்டைக்குப் போட்டது: "குறுக்குக் காத்து 9 நொட். கல்கிசைப் பக்கம் பட்டம் விடுறாங்கள். இடது கால் பயந்திட்டுது, நாலாம் தரம் பயப்பிடேல்ல."

அண்ணை, அம்மாட்டச் சொன்னீங்களோ?

---

மாங்குளத்தான் | இடம்: மாங்குளம் | பதிவேடு: 100.7
ஞாயிறு, இரவு 8.20

சொல்லிட்டன். நேற்று.

பின்னேரம் முத்தத்தில சுளகை மடியில வைச்சு முருங்கையிலை உருவிக்கொண்டிருந்தா. நானும் பக்கத்தில இருந்து ஒரு கெட்டை எடுத்து உருவத் தொடங்கினன். பிறகு சொன்னன். அம்மா, அண்டைக்கு நான் சொன்னது முழுக்க இல்லை. 3500 அடியில தெரியாது. 1000 அடிக்கு வந்தா ஆள் நிக்கிறது தெரியும். 500 அடியில ஆணோ பெண்ணோ எண்டு தெரியும், சட்டை நிறம் தெரியும் எண்டு.

அவ உருவிறதை நிப்பாட்டேல்ல. ஒரு கெட்டு முடிஞ்சுது. அடுத்ததை எடுத்தா.

"அப்ப எங்களையும் தெரிஞ்சிருக்கும்."

நான் ஒண்டும் சொல்லேல்ல.

பிறகு அந்தப் பொம்பிளையைப் பற்றிக் கேட்டா. என்ன செய்துகொண்டு நிண்டவ எண்டு. கடகத்தோட தோட்டத்துக்குள்ள நிண்டவ, வெங்காயம் கிண்டினவவாக்கும் எண்டு சொன்னன்.

"உன்னைப் பார்த்தவவோ?"

"ஓம்."

"ஓடினவவோ?"

"இல்லையம்மா. நிண்டு பார்த்தவ."

அம்மா சுளகைத் தூக்கிக்கொண்டு குசினிக்குள்ள போனா. இரவு சாப்பாட்டில வேற கதைதான் கதைச்சா. விடியப் பார்த்தா தேத்தண்ணியோட வந்து நிண்டு, அந்தக் கொப்பியை ஒருக்காக் காட்டு எண்டு கேட்டா. பதிவேட்டைத்தான். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு வரியா விரல் வைச்சுப் பார்த்தா. இங்கிலீசு விளங்காது, திகதி விளங்கும். வெள்ளிக்கிழமை வரிக்கு வர, இதில அந்தப் பொம்பிளையை எழுதேல்லையோ எண்டு கேட்டா. அவவுக்கு முன்னாலயே தமிழில எழுதினன்: "மஞ்சள் சட்டை, கடகம், நிண்டு பார்த்தவ."

---

அக்கராயன் | இடம்: அக்கராயன்குளம் | பதிவேடு: 11 வீடு
ஞாயிறு, இரவு 9.00

அண்ணை, அம்மாவுக்கு என்ர அன்பைச் சொல்லுங்கோ. மாங்குளம் பக்கம் வேலைக்கு வந்தா முதல் உங்கட வீட்டுக்குத்தான் வந்து சொல்லுவன்.

---

சோளகம் | இடம்: கிளிநொச்சி | பதிவேடு: 188.9
செவ்வாய், இரவு 10.05

இறங்கேக்க காபரேற்றர் குமிழை இழுத்தனான் ஐயா. ஐஸ் இல்லை. இழுத்தனான்.

---

கட்டுக்கரை | இடம்: அடம்பன் | பதிவேடு: 33.1
புதன், மாலை 6.40

அண்ணை, அவசர உதவி! வாற சனிக்கிழமை சேரோட பலாலிக்கு முதல் நெடும் பறப்பு. ஏறத்தாழ 330 கிலோமீற்றர். அப்பா குளக்கட்டில வந்து நிக்கப்போறாராம். நீங்கள் 3500 அடியில ஆள் தெரியாது எண்டு எழுதினீங்கள். அப்பாட்ட அதைச் சொல்ல மனம் வரேல்ல. 1000 அடிக்கு இறங்கிப் போகச் சேர் விடமாட்டார், நானும் கேக்கமாட்டன். என்ன செய்யலாம்?

---

மாங்குளத்தான் | இடம்: மாங்குளம் | பதிவேடு: 100.7
புதன், இரவு 7.15

இறங்கக் கேக்காதேங்கோ, அது சரி. இதைச் செய்யுங்கோ.

வீட்டில நெல்லுக் காயப்போடுற நீலப் படங்கு இருக்குந்தானே? பெரிசு, கிழியாதது. அதைக் குளக்கட்டுக்குக் கீழ அறுத்த வயலில விரிச்சு நாலு மூலைக்கும் கல்லு வைக்கச் சொல்லுங்கோ. கட்டில விரிச்சா தண்ணியின்ர மினுக்கத்தில எடுபடாது. வைக்கோல் நிறத்தில நீலம் கட்டாயம் தெரியும். 10 மணிக்கு முன்னம் விரிச்சு, 11.30 வரைக்கும் விடட்டும். காத்தைப் பொறுத்து நேரம் முன்னப்பின்ன ஆகும்.

நீங்கள் இடப்பக்கச் சீற்றில. நேர் பாதையில போனா குளம் உங்களுக்குக் கீழயே மறைஞ்சு போகும். கொஞ்சம் கிழக்கால போகலாமோ எண்டு தரையிலயே சேரிட்டக் கேட்டு, வரைபடத்தில கோடு கீறிக்கொண்டு போங்கோ. மேல போய்க் கேக்காதேங்கோ. சிலாபம் தாண்டினாப் பிறகு எரிபொருள் கணக்கை ஒருக்காப் பாருங்கோ. படங்கைத் தேடுற அவதியில மற்ற விமானத்தைப் பார்க்கிறதை விடாதேங்கோ. சேரையும் தேடச் சொல்லுங்கோ, நாலு கண் நல்லது.

---

கட்டுக்கரை | இடம்: அடம்பன் | பதிவேடு: 35.2
சனி, மதியம் 12.50

பலாலியிலயிருந்து எழுதிறன். கை இன்னும் நடுங்குது.

சேர்தான் முதல் கண்டவர். முத்திரை அளவு நீலம். பக்கத்தில இன்னொண்டு, சின்னன், வெள்ளை. ரெண்டாவது என்ன எண்டு விளங்கேல்ல. இறங்கி அப்பாவுக்கு எடுக்க, அம்மா தன்ர வெள்ளைச் சீலையையும் விரிச்சவவாம்.

குறிப்பில எழுதிட்டன்.